செல்லுக்கு வோல்ட்டேஜ் ஏற்றினால் நரம்புக் கட்டி கரையுமா?

கேள்வி கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டது. சுருக்கம் இது: தம்பி பேரனுக்கு இரண்டரை வயது. வயிறு வீங்கியிருக்கிறதே என்று காட்டப்போனதில், அட்ரினல் சுரப்பியில் தொடங்கிய நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றுக் கட்டி என்று தெரிந்தது. சென்னையில் சிகிச்சை நடக்கிறது. இதற்கிடையில் காரைக்குடியில் ஒருவர், "புற்றுச் செல்லுக்கு வோல்ட்டேஜ் இறங்கிப்போயிருக்கிறது, அதை ஏற்றிவிட்டால் கட்டி வளராது, நாசா விஞ்ஞானியே கண்டுபிடித்தது" என்று சொல்லி, இடுப்பில் கட்டும் மின்பட்டை ஒன்றை விற்கிறார். பொட்டாசியத்துக்காகத் தினமும் இளநீர் கொடுக்கவும் சொல்கிறார். செல்லுக்கு வோல்ட்டேஜ் என்று ஒன்று உண்டா? அதற்கும் கட்டி வளர்வதற்கும் தொடர்பு உண்டா? பட்டையை வாங்கலாமா? வயிற்றில் இருக்கும் கட்டிக்கு ஏன் அடிக்கடி ஈசிஜி எடுக்கிறார்கள்?

பட்டையை வாங்க வேண்டாம், ஆச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் விற்பவர் சொல்வது முழுப்பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, அதுதான் தொல்லை. செல்லுக்கு வோல்ட்டேஜ் உண்டு. நரம்பிலிருந்து பிறக்கும் கட்டிகளில் அந்த வோல்ட்டேஜ் மாறியிருப்பதும் உண்மை. அது வளர்ச்சியைத் தொடுவதும் உண்மை. அவர் விட்டுவிட்ட மற்றப் பாதிதான் முக்கியமானது. நான் மருத்துவன் அல்ல. காரைக்குடியில் மின்வேதியியல் படித்து, பிறகு செல் சவ்வுகளின் மின்சாரத்தில் காலம் தள்ளியவன். அந்த அளவுக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வின் பருமன் சுமார் 5 நானோமீட்டர். அதன் உட்பக்கத்தில் பொட்டாசியம் மிகுதி, லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில். வெளியே வெறும் 5. சோடியம் இதற்கு நேர்மாறு. சவ்வில் அங்கங்கே புரதத்தால் ஆன நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அயனிக் கால்வாய்கள் என்பார்கள் (அயனி என்றால் மின் சுமை ஏறிய அணு). ஓய்வில் இருக்கும் செல்லில் பொட்டாசியம் போகும் கால்வாய்களே அதிகம் திறந்திருக்கும். பொட்டாசியம் மெல்ல வெளியே கசிகிறது. அது நேர்மின் சுமையோடு போவதால் உட்பக்கம் எதிர்மின்னாகிறது. எங்கே போய் இந்தக் கசிவு நிற்கும் என்பதை 1889-இல் நெர்ன்ஸ்ட் எழுதிய சமன்பாடு சொல்லிவிடும். உடம்பின் வெப்பத்தில் 140-க்கும் 5-க்கும் கணக்குப் போட்டால் −89 மில்லிவோல்ட் வரும். சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவதால் முதிர்ந்த நரம்புச் செல்லில் அது −70 அளவில் நிற்கிறது.

இதே சமன்பாட்டை வைத்துத்தான் நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் இரும்பு துருப்பிடிப்பதையும் பேட்டரியையும் கணக்கிடுகிறார்கள். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த இடம். கல்லூரிச் சாலையில் அந்த மதில் ஓரமாகப் போகும் எத்தனையோ பேருக்கு, உள்ளே நடக்கும் கணக்கு தங்கள் மூளைக்குள்ளும் நடக்கிறது என்பது தெரியாது.

70 மில்லிவோல்ட் என்றால் அற்பமாகத் தோன்றும். டார்ச் லைட் செல் ஒன்றில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது 5 நானோமீட்டர் தூரத்துக்குள் அடைபட்டிருக்கிறது. மீட்டர் கணக்கில் பார்த்தால் மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட். சவ்வுக்குள் பதிந்திருக்கும் புரதங்கள் இந்தப் புலத்துக்குள்தான் நிற்கின்றன. புலம் மாறினால் அவற்றின் வடிவம் மாறும், வேலையும் மாறும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள், ஏனென்றால் பட்டைக்காரரின் பேச்சு இங்கேதான் உடைகிறது. 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு செல்லில் −70 மில்லிவோல்ட்டை உண்டாக்க எத்தனை பொட்டாசியம் அயனிகள் வெளியே போகவேண்டும்? சுமார் 55 லட்சம். அந்தச் செல்லுக்குள் இருக்கும் மொத்தப் பொட்டாசியம் சுமார் 35,000 கோடி. அதாவது 64,000-இல் ஒன்று நகர்ந்தால் போதும். ஆகவே செல்லின் வோல்ட்டேஜ் உள்ளே எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு அல்ல. எந்தக் கால்வாய் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு அது. புற்றுச் செல்லில் வோல்ட்டேஜ் குறைந்திருந்தால் அங்கே எதுவும் தீர்ந்துபோய்விடவில்லை. கால்வாய்களின் கலவை வேறு, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஏற்றி நிரப்ப அங்கே காலியிடம் இல்லை. (வோல்ட்டேஜ் குறைந்தது என்று நான் எழுதும் இடமெல்லாம் −70-இலிருந்து பூஜ்ஜியத்தை நோக்கி வருவதைச் சொல்கிறேன், கூடியது என்றால் −70, −80 என்று ஆழமாகப் போவது.)

இதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனி ஒரு மைக்ரோமீட்டர் அளவில் வரும்படி செய்துகொள்வோம். உள்ளே உப்புக் கரைசல், அதில் ஒரு வெள்ளிக் கம்பி. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே நுனியைச் செல்லின்மேல் மெல்லப் படியவைத்து, குழாயின் மறுமுனையில் செருகிய பிளாஸ்டிக் டியூபை வாயில் வைத்து இலேசாக உறிஞ்சவேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் திரையில் நடுங்கிக்கொண்டிருந்த கோடு படிந்து நேராகிவிடும். இன்னொரு சிறு உறிஞ்சல், சவ்வு கிழிந்து செல்லின் உட்புறம் குழாயோடு சேரும். திரையில் எண் தெரியும். நேயரும் சாக்மனும் 1976-இல் தொடங்கிவைத்த முறை இது. 1991-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேசையில் யாராவது கையை ஊன்றினால் போதும், அத்தனையும் போச்சு.

இப்படி அளந்தால், ஆரோக்கியமான முதிர்ந்த நரம்புச் செல் −70 காட்டும் இடத்தில், வளர்ப்புத் தட்டில் பெருகிக்கொண்டிருக்கும் நியூரோபிளாஸ்டோமா செல்கள் பெரும்பாலும் −30-க்கும் −50-க்கும் இடையே காட்டும். செல்லுக்குச் செல் வேறுபடும். ஒரே செல்லிலேயே அது பிளவுபடும் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். எலியின் நியூரோபிளாஸ்டோமா செல்களில் இந்தச் சுழற்சி மாற்றத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 1981-இல் காட்டினார்கள்.

இனி அந்த நாசா விஞ்ஞானிக்கு வருவோம். அவர் கற்பனை ஆள் அல்ல. கிளாரன்ஸ் கோன் என்பவர் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்தார். பெருகாத செல்களுக்கு வோல்ட்டேஜ் அதிகம், பெருகும் செல்களுக்கும் புற்றுச் செல்களுக்கும் குறைவு என்பதைக் கவனித்து, செல் பிளவுபடுவதைக் கட்டுப்படுத்துவதே இந்த வோல்ட்டேஜ்தான் என்று 1971-இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். 1976-இல் இன்னும் துணிந்து, கோழிக்கருவின் தண்டுவடத்திலிருந்து எடுத்து வளர்த்து முதிர்ந்துவிட்ட நரம்புச் செல்களின் வோல்ட்டேஜை அவபெயின் போன்ற வேதிப்பொருள்களால் நீடித்துக் குறைத்து, அவை மறுபடி பிளவுபடத் தொடங்கியதாக எழுதினார். முதிர்ந்த நரம்புச் செல் பிளவுபடாது என்பது பாடப்புத்தக வாக்கியம். ஆகவே அது பெரிய செய்தி. பட்டைக்காரர் கோனை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். அறிவியல் அங்கே நிற்கவில்லை.

1984-இல் வெள்ளை அணுக்களில் ஒரு சோதனை வெளிவந்தது. பொட்டாசியம் கால்வாய்களை மருந்தால் அடைத்தார்கள். அடைத்தால் பொட்டாசியம் கசியாது, வோல்ட்டேஜ் குறையும். கோன் சொன்னபடி செல்கள் வேகமாகப் பெருகியிருக்க வேண்டும். பெருகுவது நின்றது. 1989-இல் நரம்பு இழைகளைச் சுற்றி உறை போர்த்தும் ஷ்வான் செல்களிலும் இதே முடிவு. நரம்புறைக் கட்டிகளுக்கு மூலமான செல்கள் இவைதான். பொட்டாசியம் கால்வாயை அடைத்தபோது அவற்றின் பெருக்கமும் குறைந்தது. அதன்பின் எத்தனையோ வகைப் புற்றுச் செல்களில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கோனின் கவனிப்பு பொய்யில்லை. அவர் போட்ட கோடு மட்டும் நேர்க்கோடாக இல்லை.

ஏன் இப்படி முரண்படுகிறது? கால்சியத்தைப் பிடித்தால் முக்கால்வாசி புரிந்துவிடும். பிளவுபட முடிவெடுக்கும் செல்லுக்குக் கால்சியம் உள்ளே வரவேண்டும். வெளியே அது லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிமோல், உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் சீமையில் கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பது கண்மாயின் நீர்மட்டம் எவ்வளவு உயரம், மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது. செல்லின் உட்பக்கம் எவ்வளவுக்கு எதிர்மின்னாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கால்சியத்தை உள்ளே இழுக்கும் விசை அதிகம். அது நீர்மட்ட வித்தியாசம். மடையோ செல்லுக்குச் செல் வேறு. வெள்ளை அணுவின் கால்சியம் மடை வோல்ட்டேஜைப் பார்த்துத் திறப்பதில்லை. வேறு சைகையால் திறக்கிறது. அங்கே வோல்ட்டேஜைக் குறைத்தால் விசை மட்டும் குறையும், கால்சியம் வராது, பெருக்கம் நிற்கும். நரம்பு வகைச் செல்லில் இருக்கும் மடைகளில் பல, வோல்ட்டேஜ் குறைந்தால்தான் திறப்பவை. அங்கே அதே மாற்றம் கால்சியத்தை உள்ளே கொட்டும். ஒரே செய்கை, ஒரு செல்லில் நிறுத்தம், இன்னொரு செல்லில் முடுக்கம். வோல்ட்டேஜை ஏற்று, கட்டி நிற்கும் என்ற ஒற்றை வரி எந்தச் செல், எந்த மடை என்று கேட்பதே இல்லை.

கால்சியம் இல்லாத வழிகளும் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஹூஸ்டன் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டது. கே-ராஸ் என்ற புரதம் சவ்வின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சிச் சைகையை உள்ளே அனுப்பும். பல புற்றுநோய்களில் கெட்டுப்போவது இதுவே. வோல்ட்டேஜ் குறைந்ததும் சவ்வின் உட்புறத்தில் எதிர்மின் சுமையுள்ள ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றாகத் திரள்கின்றன, அவற்றோடு கே-ராஸும் திரள்கிறது, சைகை பலமாகிறது என்று வளர்ப்புச் செல்களிலும் பழ ஈயின் நரம்புச் செல்களிலும் காட்டினார்கள். கோன் தேடிய கண்ணிகளில் ஒன்று இது என்று சொல்லலாம். அவருக்குப் பிறகு 44 வருடம் ஆயிற்று. இதைத் தவிர, பிளவுபடுமுன் செல் தன் பருமனைச் சுருக்கிக்கொள்ளக் குளோரைடையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றுவது என்ற வழியும் உண்டு. மூளையின் கிளையோமா கட்டிகளில் அது பெரிய விஷயம். நம் குழந்தைக்கு அது நேரடியாகப் பொருந்தாததால் விட்டுவிடுகிறேன்.

குழந்தையின் கட்டிக்கு வருகிறேன். கருவில் நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து செல்கள் கிளம்பி உடம்பெங்கும் போய், பரிவு நரம்புகளாகவும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகவும் முதிரவேண்டும். அவற்றில் சில முதிராமல் பிள்ளைப்பருவத்திலேயே நின்று பெருகிக்கொண்டிருப்பதுதான் நியூரோபிளாஸ்டோமா. இதை மின்சாரத்திலும் பார்க்கலாம். ஃபுளோரன்ஸ், மிலான் நகரங்களின் ஆய்வாளர்கள் 1990-களில், இந்தச் செல்களின் ஓய்வு வோல்ட்டேஜை ஹெர்க் என்ற பொட்டாசியம் கால்வாய் ஆள்கிறது என்று கண்டார்கள். இந்தக் கால்வாய் செல் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கும். காடைக் கருவின் நரம்பு முகட்டுச் செல்களில் பார்த்தபோது, அவை இளமையில் ஹெர்க் போன்ற கால்வாயை வைத்துக்கொண்டு, முதிரும்போது அதை விட்டு வேறொரு வகைப் பொட்டாசியம் கால்வாய்க்கு மாறுவது தெரிந்தது. ஆகவே கட்டிச் செல்லின் குறைந்த வோல்ட்டேஜ் பெரும்பாலும் ஒரு வயதுக் குறி. இந்தச் செல் இன்னும் சிறுபிள்ளை என்று அந்த எண் சொல்கிறது.

இதற்கு மறுபக்கம் இன்னும் அழகானது. எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் என்ற செல் வரிசை உலகின் எத்தனையோ ஆய்வகங்களில் இருக்கிறது. 1970-இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் எலும்பு மஜ்ஜைக்குப் பரவியிருந்த நியூரோபிளாஸ்டோமாவின் வழிவந்தது. இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில், தட்டின் அடியில் குண்டு குண்டாகக் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தைச் சேர்த்து வைத்தால், ஒரு வாரத்துக்குள் கூட்டம் கலைந்து, செல்கள் ஒடுங்கி, நீண்ட இழைகளை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொடத் தொடங்கும். பெருகுவது குறைந்துவிடும். கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்தால் வோல்ட்டேஜும் ஆழமாகப் போயிருக்கும். சில செல்கள் நரம்பைப்போல மின்துடிப்பும் எழுப்பும். நியூரோபிளாஸ்டோமா செல்லுக்கு இப்படி நரம்பாகத் துடிக்கும் திறன் உண்டு என்பதை 1969-லேயே எலிச் செல்களில் காட்டியவர்களில் ஒருவர் மார்ஷல் நிரன்பர்க். மரபுக் குறியீட்டைப் படித்ததற்காக அதற்கு முந்தைய வருடம்தான் நோபல் வாங்கியிருந்தார். கையோடு புதுத் துறைக்கு மாறிவிட்டார்.

இங்கே கவனியுங்கள், ஆச்சி. ரெட்டினாயிக் அமிலம் வோல்ட்டேஜைத் தொடவே இல்லை. அது செல்லின் உட்கருவுக்குள் போய் ஜீன்களின் இயக்கத்தை மாற்றியது. செல் முதிர்ந்தது. முதிர்ந்த செல் முதிர்ந்த கால்வாய்களைத் தயாரித்தது. அதனால் வோல்ட்டேஜ் ஏறியது. வோல்ட்டேஜ் பின்னால் வந்தது. நடைமுறையில், அபாயம் அதிகமுள்ள நியூரோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு, கீமோதெரபி, அறுவை, ஸ்டெம் செல் மாற்று, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின் இந்த மருந்தின் உறவான ஐசோட்ரெட்டினாயினை மாதத்தில் 14 நாள் வீதம் 6 சுற்று கொடுப்பது வழக்கம். முகப்பருவுக்குத் தரும் அதே மருந்து, அளவு மட்டும் மிக அதிகம். உங்கள் பேரனுக்கு அது உண்டா இல்லையா என்பது கட்டியின் கட்டம், கட்டிச் செல்லில் எம்.ஒய்.சி.என். என்ற ஜீனின் நகல்கள் பெருகியிருக்கின்றனவா, வயது ஆகியவற்றைப் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வது. கட்டிச் செல்லின் வோல்ட்டேஜை ஏற்றும் ஒரு வைத்தியம் உண்மையிலேயே உண்டென்றால் அது இதுதான். அது மாத்திரையாக வருகிறது, பட்டையாக அல்ல.

பட்டைக்காரர் மூளைக் கட்டி ஆராய்ச்சியையும் சேர்த்துப் பேசுவார், அதனால் அதையும் சொல்லிவைக்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் குழு 2015-இல், நரம்புச் செல்கள் துடிக்கும்போது வெளியிடும் நியூரோலிஜின்-3 என்ற புரதம் கிளையோமாவை வளர்க்கிறது என்று காட்டியது. 2019-இல் அவர்களும் ஹைடல்பர்க் குழுவும் தனித்தனியே இன்னும் திகைக்கவைக்கும் ஒன்றைக் கண்டார்கள்: ஆரோக்கியமான நரம்புச் செல்கள் கிளையோமா செல்களோடு நேரடியாகவே இணைப்புப் போட்டிருக்கின்றன. நரம்பு துடித்தால் கட்டிச் செல்லின் வோல்ட்டேஜ் குறைகிறது. ஒளிபட்டால் திறக்கும் கால்வாயைக் கட்டிச் செல்லில் வைத்து, வெறும் வெளிச்சத்தால் வோல்ட்டேஜைக் குறைத்தபோதும் எலியின் மூளையில் கட்டி அதிகம் பெருகியது. வலிப்புக்குத் தரும் பெராம்பனெல் என்ற மருந்தால் அந்த இணைப்பை அடக்கியபோது பெருக்கம் குறைந்தது. இங்கே கோனின் திசை சரியாக இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் இது மூளைக்குள் நடப்பது, இணைப்பு வழியாக நடப்பது. நியூரோபிளாஸ்டோமா பிறப்பது மூளையில் அல்ல. இரண்டையும் நரம்புப் புற்று என்று ஒரே பையில் போட்டுவிட்டால் வியாபாரம் சுலபம்.

சரி, பட்டையின் இயற்பியல். ஒரு செல்லை மின்புலத்தில் வைத்தால், நேர்மின்வாயைப் பார்த்த பக்கத்தின் சவ்வில் வோல்ட்டேஜ் கூடும். எதிர்மின்வாயைப் பார்த்த பக்கத்தில் அதே அளவு குறையும். ஒரு பக்கம் ஏற்றுவது மறுபக்கம் இறக்குவதே. முழுச் செல்லையும் ஒருசேர ஏற்றும் மின்பட்டை இயற்கை விதியிலேயே கிடையாது. அளவையும் பாருங்கள்: 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல்லில் ஒரு பக்கத்தை வெறும் 10 மில்லிவோல்ட் நகர்த்த, திசுவுக்குள் சென்டிமீட்டருக்கு 6 வோல்ட்டுக்கு மேல் புலம் வேண்டும். நேர்மின்னோட்டத்தில் அதைத் தொடர்ந்து கொடுத்தால் கட்டிக்கு என்ன ஆகுமோ, பிள்ளையின் தோல் வெந்துவிடும். வேகவில்லை என்றால் புலம் கட்டியை எட்டவில்லை என்று பொருள்.

மின்புலத்தால் நடக்கும் உண்மையான புற்றுச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதன் படத்தை உங்களுக்குக் காட்டக்கூடும். பெரியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு, மொட்டையடித்த தலையில் தகடுகளை ஒட்டி, வினாடிக்கு 2 லட்சம் முறை திசைமாறும் புலத்தை நாளில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் செலுத்துவார்கள். அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்றது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தோடு இதையும் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 20.9 மாதம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 16. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிக் கருவி வைக்கவில்லை என்ற குறை அதன்மேல் இன்றும் இருக்கிறது. எப்படியானாலும், அந்த வேகத்தில் திசைமாறும் புலம் சவ்வின் ஓய்வு வோல்ட்டேஜை மாற்றுவதில்லை. பிளவுபடும் நேரத்தில் செல்லின் உள்கட்டமைப்பைக் குலைக்கவே அது உருவானது. காரைக்குடிப் பட்டைக்கு அது சித்தப்பாவும் அல்ல, பெரியப்பாவும் அல்ல.

"பட்டை கட்டி ஒரு குழந்தைக்குக் கரைந்துவிட்டது" என்றும் சாட்சி சொல்வார்கள். அது பொய்யாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நியூரோபிளாஸ்டோமாவில் ஒரு தனிவகை, 18 மாதத்துக்குள் உள்ள சில குழந்தைகளில், எந்த மருந்தும் இல்லாமலே சுருங்கிப்போகும். புற்றுநோய்களில் இது அபூர்வமான குணம். அந்தச் சமயத்தில் இடுப்பில் எது கட்டியிருந்தாலும் புகழ் அதற்குப் போய்விடும். உங்கள் பேரன் அந்த வயதைத் தாண்டியவன். அவனுக்கு நடக்கும் சிகிச்சையில் ஒரு நாளும் தவறக்கூடாது.

இளநீர் விஷயத்தில் அவர் தன் காலையே வெட்டிக்கொள்கிறார். மேலே சொன்ன நெர்ன்ஸ்ட் கணக்கில், வெளியே இருக்கும் பொட்டாசியம் 5-இலிருந்து 30-க்கு ஏறினால் −89 என்பது −41 ஆகிவிடும். ஆய்வகத் தட்டில் வோல்ட்டேஜைக் குறைக்க நாங்கள் செய்வதே அதுதான், பொட்டாசியத்தைக் கூட்டுவது. அதாவது அவர் சொல்லும் தர்க்கப்படியே பொட்டாசியம் ஏறினால் வோல்ட்டேஜ் இறங்கும். நல்லவேளை, உடம்பு தட்டு அல்ல. இரத்தத்தில் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் 3.5-க்கும் 5-க்கும் இடையே கட்டிக் காக்கிறது. 30 வரை போக வாய்ப்பே இல்லை; 7-ஐத் தொட்டாலே இதயம் தடுமாறும். 100 மில்லி இளநீரில் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சாதாரணக் குழந்தைக்கு அது நல்ல பானம். ஆனால் நியூரோபிளாஸ்டோமாவுக்குத் தரும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைச் சோதிக்கும். பொட்டாசியம் தேவைக்குமேல் வெளியேறவும் கூடும், வெளியேறாமல் தங்கவும் கூடும். எந்தப் பக்கம் போகிறது என்பது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஆகவே இளநீர் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை அந்த வாரத்து ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக ஈசிஜி. இது நல்ல கேள்வி; பலர் கேட்பதில்லை. நியூரோபிளாஸ்டோமா செல்லின் வோல்ட்டேஜை ஆளும் ஹெர்க் கால்வாய் என்று சொன்னேனே, அதே கால்வாய்தான் இதயத் தசையிலும் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் வோல்ட்டேஜைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அப்படியானால் ஹெர்க்கை அடைத்துக் கட்டியை நிறுத்தலாமே என்று தோன்றும். தட்டில் செல்கள் மெதுவாகின்றன என்பது உண்மை. மனிதரில் அதே அடைப்பு இதயத்தின் தாளத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வாமைக்கு விற்ற அஸ்டெமிசோல் என்ற சாதாரண மாத்திரை ஹெர்க்கை அடைக்கும் இந்தக் குணத்தால்தான் அமெரிக்கச் சந்தையிலிருந்து 1999-இல் எடுக்கப்பட்டது. கீமோ வாந்திக்குக் குழந்தைக்கு அநேகமாக ஒண்டான்செட்ரான் கொடுப்பார்கள். நல்ல மருந்து, தேவையான மருந்து, ஆனால் அதுவும் ஹெர்க்கை இலேசாகத் தொடும். இரத்தத்தில் பொட்டாசியமோ மெக்னீசியமோ குறைந்திருந்தால் அந்தத் தொடுதல் பெரிதாகும். இதயம் ஒரு துடிப்பு தொடங்கி மறுபடி பழைய நிலைக்கு வர எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் க்யூ-டி என்ற இடைவெளி காட்டும்; அது நீள்கிறதா என்று பார்ப்பது அதற்காக. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கொடுத்தால் இதயத் தசையின் பலத்தைப் பார்க்க எக்கோவும் எடுப்பார்கள். அது வேறு காரணம்.

ஊருக்கு வந்திருக்கும்போது பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ யாரிடமாவது காட்ட நேர்ந்தால், கீமோ நடக்கிறது, ஒண்டான்செட்ரான் எடுக்கிறான் என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அசித்ரோமைசின், டோம்பெரிடோன் போல அடிக்கடி எழுதித்தரும் சில மருந்துகளும் க்யூ-டியை நீட்டுபவை. மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகு முதல் வேளையைக் கொடுத்தால் போதும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (ஃபாரன்ஹீட்டில் 100.4) தொட்டால் மட்டும் அந்தக் காத்திருப்பு வேண்டாம். உடனே சென்னைக்குப் போன் செய்துகொண்டே அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடவேண்டும்.